கல் விழும் இடம்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் சுகம். நீயும் உன் மனைவியும் அங்கே நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர இப்போது எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

என் நம்பரை நீ பிளாக் செய்து வைத்திருப்பதால் காகிதத்தில் எழுதுகிறேன். இரண்டு வருடம் கழித்து வரும் கடிதம். கோபம் இருந்தாலும் கடைசிவரை படி.

அவளுக்கு ஐந்தாவது மாதம் என்று சித்தி மூலம் தெரிந்தது. நீ சொல்லாதது எனக்கு உறைக்க வேண்டும் என்றுதானே. உறைத்தது. முன்னறையை ஒழித்துவிட்டோம். மாமா தன் லிஃப்ட் ரிப்பேர் சாமான்களை எல்லாம் மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டு, சுவருக்கு வெள்ளை அடித்து, குளியலறையில் வழுக்காத ஓடு போட்டிருக்கிறார். பிரசவ ஆஸ்பத்திரி நடந்து போகும் தூரம். இந்த மாதமே அவளைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு. ஜூலை முடியும்வரை இருங்கள். அதற்கப்புறம் உங்கள் இஷ்டம்.

உன் விண்வெளி ஆட்டத்தை நினைத்துத் தயங்காதே. இங்கே இணையம் வேகம்தான். உன் கப்பல்படையை இங்கிருந்தே நடத்து. அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். அப்பா போன அன்று சொந்தக்காரர்கள் நடுவில் நின்று, "அப்பாவுக்கு மூச்சு முட்டும்போதுகூட இவன் கையில விளையாட்டுதான்" என்று நான் கத்தியது எனக்கு மறக்கவில்லை. சொன்னது அழுகையில் சொன்னது.

ஆபீசில் வேலை கழுத்தை நெரிக்கிறது. பதினோரு நாளாக மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடுகிறேன். பதினாறு வருடமாக விண்கற்களின் பாதையைக் கணக்குப் போடுகிறவள் நான். இப்படி ஒரு மாதத்தைப் பார்த்ததில்லை. இதற்கு மேல் எழுத எனக்கு அனுமதி இல்லை.

காரணம் கேட்காமல் வா.

அன்புடன்,
அக்கா


மார்ச் 12

அன்புள்ள தம்பி,

உன் தபால் அட்டை வந்தது. "வேலை இருக்கு. வர முடியாது." நாலே வார்த்தை. அதில் மூன்றை அடித்து எழுதியிருக்கிறாய். தயக்கமா, கோபமா என்று தெரியவில்லை.

நேற்றுச் செய்தியில் வந்துவிட்டது, அதனால் இப்போது எழுதலாம். இருபது மாடிக் கட்டடம் அளவுக்கு ஒரு கல், சூரியனைச் சுற்றி நம் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. ஜூலை ஒன்பதாம் தேதி அது பூமியில் விழ முப்பதில் ஒரு பங்கு வாய்ப்பு. விழுந்தால் தரையைத் தொடும் முன்பே காற்றில் வெடிக்கும். அடியில் முப்பது கிலோமீட்டருக்கு ஒரு சுவர் நிற்காது.

மாமா முதல் கறிகாய்க்காரர் வரை எல்லோரும் ஒரே கேள்வி கேட்கிறார்கள், ராக்கெட் விட்டு உடைக்கக் கூடாதா என்று. பத்து வருடம் முன்பே தெரிந்திருந்தால் லேசாக இடித்துத் திருப்பிவிடலாம், அந்தச் சிறு விலகல் பத்து வருடத்தில் பெரிதாகிவிடும். நாலு மாதத்தில் உடைத்தால் ஒரு கல் நூறு கல்லாகி வரும், அவ்வளவுதான். மாமா கேட்டுவிட்டு, "அப்ப லிஃப்ட் மாதிரிதான், அறுந்ததுக்கப்புறம் என்னைக் கூப்பிட்டு என்ன பிரயோசனம்" என்றார்.

கல் விழக்கூடிய இடங்களைச் சேர்த்தால் வரைபடத்தில் ஒரு கோடு வரும். நீளம் பதினோராயிரம் கிலோமீட்டர். பெரும்பகுதி கடல். மீதியில் ஊர்கள் உண்டு. அந்தக் கோட்டை வெளியில் காட்டமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மற்ற நாட்டு ஆட்கள் சரிபார்க்கும்வரை யாருக்கும் சொல்லக்கூடாது, கூடப்பிறந்தவனுக்கும் கூடாது. ஆகவே உன் ஊரைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. உன்னை வரச் சொன்னேன் என்பதை மட்டும் நினைத்துப் பார்.

இப்போது உன்னிடம் ஓர் உதவி கேட்கப் போகிறேன். ஏப்ரல் முதல் வாரத்தில் கல் சூரிய வெளிச்சத்துக்குள் போய்விடும். ஜூன் கடைசி வரை எந்தத் தொலைநோக்கியிலும் தெரியாது. அப்புறம் தெரிந்தால் ஊரைக் காலி செய்ய நாள் போதாது. முப்பதில் ஒன்று என்று சொல்லிக்கொண்டு, இவ்வளவு நீளக் கோட்டில் எந்த அரசாங்கம் யாரை எழுப்பும்? ஆனால் இந்தக் கல் ஒன்பது வருடம் முன்பு ஒரு முறை நம் பக்கம் வந்து போயிருக்கிறது. மூடிவிட்ட ஒரு தொலைநோக்கியின் பழைய படங்களில் அது எங்காவது பதிந்திருக்க வேண்டும். அந்த ஒரு புள்ளி கிடைத்தால் பாதையைத் துல்லியமாகப் போட்டுவிடலாம்.

அறுபதாயிரம் படங்கள். எல்லாம் தூசியும் கீறலும். எங்கள் கம்ப்யூட்டர் ஒவ்வொரு தூசியையும் நட்சத்திரம் என்று சொல்கிறது. நாங்கள் நாலு பேர்.

அந்த ஆட்டத்தில் உன் கூட்டணியில் மூவாயிரம் பேர் இருப்பதாக நீ ஒரு முறை பெருமையாகச் சொன்னாய். எதிரி தன் கப்பல்களை நட்சத்திரக் கூட்டத்துக்குள் ஒளித்துக் கொண்டுவருவான், நகரும் புள்ளியை மட்டும் கண்ணால் பிரித்து எடுக்க வேண்டும், அதுதான் வித்தையே என்றாய். அன்றைக்கு நான் கொட்டாவி விட்டேன். இன்று அந்தக் கண்கள் எனக்கு வேண்டும். எங்கள் தலைவரிடம் கேட்டேன். "விளையாட்டுப் பசங்க கையிலயா கொடுக்கச் சொல்றீங்க?" என்றார். ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு அவரே என் மேஜைக்கு வந்து, "படம் எல்லாம் ஏற்கனவே பொதுவில இருக்கறதுதானே, கேளுங்க" என்றார்.

என்னை மன்னிக்க வேண்டாம். படங்களை மட்டும் பார்.

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள தம்பி,

போனில் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனாலும் சிலவற்றைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இரண்டு வருடம் கழித்து நீ பேசிய முதல் வார்த்தை "ஹலோ" கூட இல்லை. "மொத்தம் எத்தனை படம், எந்த வரிசையில வரும்?" என்று கேட்டாய். அடுத்த நாளே வானத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு மூன்று பேர், மூவரும் சொன்னால்தான் கணக்கு என்று முறை வகுத்துவிட்டாய். எங்கள் தலைவர் உன் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "உங்க தம்பி எங்க வேலை பாக்கறாரு?" என்றார். ஆட்டம் ஆடுகிறான் என்று சொன்னேன். தலை குனியாமல் சொன்னேன்.

தேடத் தொடங்கிய பத்தொன்பதாம் நாள், உங்கள் கூட்டணியில் "ரொட்டி" என்று கூப்பிடும் அந்த பேக்கரிப் பெண்மணி முதல் புள்ளியைப் பிடித்தார். நாங்கள் குதித்தோம். பாதையைத் திருப்பிக் கணக்குப் போட்டோம். முப்பதில் ஒன்று ஆறில் ஒன்றாகிவிட்டது. கோடு சுருங்கியது. சுருங்கிய கோட்டின் நடுவில் உன் ஊர்.

அடுத்த புள்ளி கிடைக்கும்வரை மூன்று நாளை நான் எப்படிக் கழித்தேன் என்று யாருக்கும் தெரியாது. உன் மனைவி என்னைப் போனில் கூப்பிட்டாள், உனக்குச் சொன்னாளோ என்னவோ. "அண்ணி, நாங்க இருக்கற இடமா?" என்று கேட்டாள். கையெழுத்துப் போட்டவள் நான், வாயைத் திறக்கவில்லை. பிறகு, "சரி அண்ணி, புரிஞ்சுது. நான் பாக்க வேண்டிய படம் இன்னும் நானூறு இருக்கு" என்று வைத்துவிட்டாள். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நீயும் எல்லாம் தெரிந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தாய். உங்கள் ஆட்களில் பாதை கணக்குப் போடத் தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கிளம்பி வா என்று கெஞ்சியபோது, "இருபது லட்சம் பேரை விட்டுட்டு ரெண்டு டிக்கெட் எடுக்கச் சொல்றியாக்கா?" என்றாய்.

இரண்டாவது புள்ளியும் மூன்றாவதும் ஒரே மதியம் கிடைத்தன. இப்போது சந்தேகம் இல்லை. கல் விழும். உன் ஊரிலிருந்து தொள்ளாயிரம் கிலோமீட்டர் தள்ளி, கடல் நடுவில் இருக்கும் சின்னத் தீவுகளின் மேல் விழும். அதைத் திரையில் பார்த்ததும் ஆபீசில் எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன், தம்பி. பக்கத்து மேஜைப் பெண்தான், "அங்க ஆள் இருக்காங்க" என்றாள். கை அப்படியே நின்றுவிட்டது. நாலாயிரத்து இருநூறு பேர்.

இன்னொன்று. புள்ளிகளைச் சரிபார்க்க உங்கள் கூட்டணியின் ஆம்புலன்ஸ் டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தேன், "நத்தை" என்பீர்களே அவர். பேச்சுவாக்கில், "மேடம், கார்டு ஐயா உங்க அப்பாதானே?" என்றார். நாற்பது வருடம் கூட்ஸ் வண்டியில் கார்டாகப் போன நம் அப்பா உங்கள் கூட்டணியில் இருந்தார் என்பதும், அந்தப் பெயரில்தான் இருந்தார் என்பதும் எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். கடைசி வாரம் கை எழவில்லையாம். அப்பா வாயால் சொல்லச் சொல்ல, அவர் கப்பல்களை நீதான் நகர்த்தினாயாம். அன்று உன் கையில் இருந்தது அதுதானா? நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு முகம் இல்லை.

தீவுகளுக்குப் போகிறேன் என்கிறாய். ஆட்டத்தில் ஒரு கோளையே காலி செய்திருக்கிறோம், எந்தப் படகில் யார் முதலில், எது பின்னால் என்று எங்களுக்குத் தெரியும், அரசாங்கமே கேட்கிறது என்கிறாய். வேண்டாம் என்று சொல்லும் உரிமையை நான் என்றைக்கோ தொலைத்துவிட்டேன். அவளை என்னிடம் விட்டுவிட்டுப் போ. என் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறேன். போன இடத்தில் வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஜூலை 5

என் அன்புத் தம்பிக்கு,

முதலில் நல்ல சேதி. இரண்டாம் தேதி காலை பதினொன்றேகாலுக்கு உனக்குப் பெண் பிறந்திருக்கிறாள். மூன்று கிலோவுக்கு நூறு கிராம் குறைவு. தலை நிறைய முடி. தாயும் நன்றாக இருக்கிறாள், நேற்றே எழுந்து நடந்தாள். மாமா குழந்தையைக் கையில் வாங்கப் பயந்து சுவரோடு சாய்ந்து நிற்கிறார். அங்கே செல்போன் கோபுரத்தைக் கழற்றிப் படகில் ஏற்றிவிட்டார்கள் என்பதால் இதை உனக்குச் சொல்ல மூன்று நாளாக வழி இல்லாமல் போயிற்று.

கல் சூரியனின் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்டது. ரேடாரில் ஐந்து நாளாகப் பார்க்கிறோம். நீங்கள் பிடித்துக் கொடுத்த பாதையில், கோடு கிழித்த மாதிரி வருகிறது. ஒன்பதாம் தேதி காலை ஒன்பது நாற்பது. இனி அது எங்கேயும் விலகாது. யாராவது விலகும் என்று சொன்னால் நம்பாதே.

நாலாயிரத்து நூற்று எண்பத்தொன்பது பேரைக் கரை சேர்த்துவிட்டீர்கள். மீதி பதினொரு பேர், ஐஸ் ஃபேக்டரிக்காரரும் அவர் வீட்டு ஆட்களும். போன படகில் வந்த செவிலி எல்லாம் சொன்னாள். இருபது வருடம் முன்பு துறைமுகம் கட்டுகிறோம் என்று அவர்களைக் கிளப்பிவிட்டு, திரும்பி வந்தபோது வேலி போட்டு நிறுத்தினார்களாம். இந்தக் கல்லும் அப்படி ஒரு கதைதான் என்று நினைக்கிறார்களாம். அவர்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. "அவங்க ஏறாம நான் ஏறமாட்டேன். நான் கிளம்பிட்டா, ஊரைக் காலி பண்ண வந்தவன்தான் இவன்னு ஆயிடும்" என்று நீ சொன்னதையும் அந்தச் செவிலி சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நிலம் போய்விடும் என்ற பயம் அங்கே இருக்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து, மூன்று வாரமாக நான் சும்மா இருக்கவில்லை. தலைவரையும் இழுத்துக்கொண்டு நில அலுவலகத்தின் ஒவ்வொரு படியாக ஏறினேன். ஒரு பெரிய அதிகாரி, "ஒன்பதாம் தேதிக்கு அப்புறம் அங்க நிலம்னு என்ன இருக்கப் போகுது, எதுக்கு இவ்வளவு அவசரம்?" என்று கேட்டார். வெடிப்பு காற்றில்தான், வீடு போகும், மண் அங்கேயே இருக்கும், ஒரு வருடத்தில் திரும்பிப் போய்க் கட்டலாம் என்று அவர் மேஜையிலேயே படம் போட்டுக் காட்டினேன். அவர் கையெழுத்துப் போடும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை. இதோடு அந்தப் பத்திரம் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டின் எல்லையும் உரியவர் பெயரும் எழுதி, திரும்பி வரும் உரிமைக்கு அரசாங்க முத்திரை போட்டிருக்கிறது. ஐஸ் ஃபேக்டரிக்காரர் கையில் கொடு. சத்தமாகப் படித்துக் காட்டு. வேலி போட்டால் முதல் ஆளாக நானே வந்து பிடுங்குகிறேன், அக்கா சொன்னாள் என்று சொல்.

அவர்கள் ஏறிவிட்டால் எல்லோருக்கும் நல்லது. ஏறுவார்கள் என்றுதான் நம்புகிறேன்.

ஏறாவிட்டாலும் நீ ஏறு. இதை எழுதும்போது என்னைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் வரவில்லை. அன்றைக்குக் கைதட்டியவளும் நான்தான், இதை எழுதுகிறவளும் நான்தான். அந்தப் பதினொரு பேருக்கும் அக்கா தங்கை இருப்பார்கள், எனக்கும் தெரியும். ஆனால் இந்த வீட்டின் முன்னறையில் ஒருத்தி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, கதவு சத்தம் கேட்டால் தலையைத் தூக்குகிறாள். என்னிடம் எதுவும் கேட்பதில்லை. குழந்தைக்கு என்ன பெயர் என்று ஆஸ்பத்திரியில் படிவம் கொடுத்தார்கள். அந்த இடத்தைக் காலியாக விடச் சொல்லிவிட்டாள், "அவர் வந்து எழுதட்டும்" என்று.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து தருகிற படகுதான் கடைசிப் படகு. இதற்குப் பின்னால் எதுவும் வராது. ஏழாம் தேதி மாலை நாலு மணிவரை துறையில் நிற்கும். அதற்கு மேல் ஒரு நிமிஷம் கூட நிறுத்த முடியாது என்று படகுக்காரர் என்னிடம் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எங்கிருந்தாலும் நீ நல்லபடியாக இருக்க வேண்டும், தம்பி. பத்திரத்தைப் பெற்றுக்கொண்டதற்குப் படகுக்காரர் கையெழுத்துக் கேட்பார். போட்டுக் கொடு. எனக்குப் பதில் எழுத உட்காராதே. அந்தப் பதினொரு பேரையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு, ஏறு.

உன் அக்கா