முள்ளுக்கு ஓர் உறை

அன்பு மகள் வெர்லீனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், என் இடது முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் ஈத்தன் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பிப்ரவரியில் கப்பலில் வருகிறீர்கள் என்று படித்ததிலிருந்து உன் அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கப்பல் நம் கேமன் தீவில் ஏழு மணி நேரம்தான் நிற்கும் என்றால், "ஏழு மணி நேரத்துல ஏழு தடவை ஊட்டிவிடுவேன், உங்களுக்கென்ன" என்கிறாள். மரவள்ளிக் கேக்குக்குத் தேங்காய் இப்போதே வீட்டில் வந்து இறங்கிவிட்டது.

நீ கேட்டதற்கு வருகிறேன். கப்பலில் சீட்டு விற்கும், திருக்கை மீன்களோடு தண்ணீரில் நிற்கும் சுற்றுலாவுக்கு ஆறு வயதுப் பிள்ளையைக் கூட்டிப் போகலாமா, "சுற்றுலாக்காரங்களுக்குச் சொல்ற பதில் வேணாம்ப்பா, எனக்குச் சொல்லுங்க, நான் காலைத் தூக்கின மாதிரி இவனும் தூக்கிட்டா?" என்று எழுதியிருந்தாய். முப்பத்தொரு வருடமாக என் படகில் ஏறுகிறவர்களிடம் ஒரே பாட்டைத்தான் பாடுகிறேன், காலைத் தூக்காதீர்கள், மணலில் தேய்த்து நடங்கள், மிதித்தால்தான் முள் பாயும் என்று. அது பொய் இல்லை. ஆனாலும் உன் கடைசி வரியைப் படித்தபின் இரண்டு வாரம் பேனாவை எடுக்க முடியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை கப்பல் ஏதும் வரவில்லை. நங்கூரக் கயிற்றைப் பார்க்க நானும் படகில் எனக்குத் துணையாக வரும் ஆர்லியும் திருக்கைகள் கூடும் மணல் திட்டுக்குப் போனோம். இடுப்பளவுத் தண்ணீர், ஒரு சத்தமில்லை. இடது சிறகில் வெட்டு உள்ள ஒரு பெரிய பெண் திருக்கை வந்து என் காலடி மணலில் படுத்தது, தீனிக்குத்தான் வந்தது என்று நினைத்தேன். நீச்சல் கண்ணாடி மாட்டித் தலையைத் தண்ணீருக்குள் விட்டால், அம்மாடி, அது குட்டி போட்டுக்கொண்டிருந்தது! பாய் சுருட்டியதுபோல் சிறகுகள் சுருண்டு ஒரு குட்டி வழுக்கி வந்து, மணலைத் தொடுமுன் விரிந்து, யாரும் கற்றுக்கொடுக்காமல் நீந்திப் போயிற்று. அப்புறம் இன்னொன்று, அப்புறம் மூன்றாவது. இந்த மூன்றாவது என் கால் விரலருகில் கொஞ்ச நேரம் கிடந்தது, அதன் வாலில் முள் இருந்தது வெர்லீன், பிறக்கும்போதே இருக்கிறது, ஆனால் தாயின் வயிற்றைக் கிழிக்காமலிருக்க அதன்மேல் வெள்ளையாய் மெல்லிய உறை. இத்தனை வருடம் திருக்கைகளோடு கிடந்தும் நான் அதைப் பார்த்ததில்லை. யார் நினைத்து நினைத்துச் செய்தார்களோ. "கேப்டன், கண்ணாடிக்குள்ள தண்ணி ரொம்புதே, ஓட்டையா, இல்ல அழுவுறீங்களா" என்று ஆர்லி கிண்டல் செய்தான். ஓட்டைதான்டா என்றேன்.

வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. என் காலை நம்பி இப்படிப் படுத்த இனத்தைத்தான் ஒரு காலத்தில் படத்துக்காக நூறு முறை தண்ணீருக்கு மேலே தூக்கிக் காட்டியிருக்கிறேன். இப்போது சட்டமே அதைத் தடுக்கிறது, அப்போது கைதட்டுவார்கள். உனக்கு ஒன்பது வயதில் முள் பட்ட அன்றும் ஒரு குடும்பம் படம் கேட்டது. நான் தூக்கினேன், அது திமிறி என் கையிலிருந்து நழுவி, பின்னால் நின்ற உன்மேல் விழுந்து, மிரண்டு வாலை வீசியது, முள் உன் காலில் ஏறியது. விஷம் முறிய வெந்நீர் வாளியில் உன் காலை வைத்திருக்க, நீ கதறும்போது, என்ன ஆயிற்று என்று எல்லாரும் கேட்டார்கள், "புள்ள காலைத் தூக்கிடுச்சு" என்றேன். படகுக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்று வாயில் வந்தது, பிறகு திருத்தவே இல்லை. அம்மாவுக்குக்கூட நேற்றுத்தான் சொன்னேன். கேட்டுக்கொண்டே தேங்காயைத் துருவினாள். நீ அதன்பின் கடலில் இறங்கவே இல்லை. என்னை மன்னித்துவிடு மகளே.

ஆகவே என் பதில் இது. திருக்கை தானாக யாரையும் குத்தாது, மனிதன் மிதித்தால், பிடித்தால், நெருக்கினால்தான். கப்பல் சீட்டு வாங்காதே, நாலு கப்பல் கூட்டம் ஒரே திட்டில் இறங்கிக் கூச்சல் போடும். யார் படகானாலும் சரி, திருக்கையைக் கையில் தூக்குகிறவன் இருந்தால் பிள்ளையை இறக்காதே. துறைமுக வாசலில் ஏழு மணிக்கே நிற்கிறேன், கூட்டம் வருமுன் போய்விடலாம். முதலில் நான் மட்டும் இறங்குகிறேன், என் கை தண்ணீருக்குள்ளேயே இருக்கும். நீ படகிலிருந்து பார், வேண்டாம் என்று தோன்றினால் திரும்பி வந்து அம்மா கையால் சாப்பிடலாம், நான் வருத்தப்பட மாட்டேன்.

கர்த்தர் உங்கள் மூவரையும் கண்மணிபோல் காக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பு, ஈத்தனுக்கு முத்தம். மறக்காமல் ஒன்று செய், காலைத் தேய்த்து நடக்க அவனுக்கு நீயே வீட்டுத் தரைவிரிப்பில் சொல்லிக்கொடு. உன்னைவிட ஒழுங்காக அதைச் செய்தவர்கள் இல்லை. அன்று நீ ஒரு அடிகூடக் காலைத் தூக்கவில்லை. படகு ஏணியிலிருந்து நீ நின்ற இடம் வரை மணலில் உன் பாதம் இழுத்த இரண்டு கோடுகளும் அறுபடாமல் இருந்தன, நான் பார்த்தேன்.

உன் அப்பா,
ஆர்மண்ட் விட்டேக்கர்