அந்தச் சமையல்காரன் பிடிபட்டவனோ?

என் அன்பான அத்தானுக்கு,

‘அன்பான’ என்பதை இப்போதைக்கு வழக்கத்துக்காகத்தான் எழுதியிருக்கிறேன். கோபம் தணிந்தால் அது தானாக உண்மையாகிவிடும். செத்தவரோடு கோபிக்கக் கூடாதென்று ஆளாளுக்குப் புத்தி சொல்கிறார்கள். நீங்கள் உயிரோடு இருந்தபோது கோபிக்க எங்களுக்கு எங்கே இடைவெளி கிடைத்தது? பேசிக்கொண்டே அல்லவா இருந்தீர்கள்.

நீங்கள் போய் இன்றைக்கு இருபத்துநாலு நாள். முப்பத்தோராம் நாளுக்கு வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கையில் கொண்டுபோக நினைவு மலர் அடிக்க வேண்டும். உங்கள் படம், தேவாரம், குடும்ப மரம், கடைசிப் பக்கத்தில் நன்றி. வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டியிருந்தது. வேலை வழக்கம்போல் என் தலையில். நானோ வானொலிக்குப் பகிடிக் கட்டுரை எழுதுகிறவள். செத்தவீட்டுப் புத்தகத்தைச் சிரிப்புக் காட்டுகிறவளிடம் கொடுக்கிற ஆட்கள் உலகத்திலேயே நாங்கள் மட்டும்தான்.

அக்கா முதல் நாளே கட்டளை போட்டுவிட்டாள். “அவரின்ரை அமெரிக்கக் கட்டுரை முழுசா வரவேணும். ஒரு எழுத்தும் மாத்தக் கூடாது.”

உங்கள் மகள் அபி மறுநாள் தன் கட்டளையைப் போட்டாள். “சித்தி, அந்தக் கட்டுரை வந்தா என்ரை பேர் அந்தப் புக்கிலை வரக்கூடாது. முப்பத்தொண்டுக்கும் நான் வரமாட்டன். ஐ மீன் இட்.”

இருப்பது ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளையின் பெயர் இல்லாத நினைவு மலரை மெல்பேர்ணில் விநியோகித்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அடுத்த செத்தவீடு வரும்வரை எங்கள் வீடுதான் ஊருக்கு வாய்க்கு அவல். இந்தப் புதன்கிழமைவரை தாயும் மகளும் ஐந்து நாளாகப் பேசவில்லை. அவள் சொன்னதை இவளுக்கும் இவள் சொன்னதை அவளுக்கும் சொல்லிக்கொண்டு நான் தொலைபேசி இணைப்பகம்போல் நடுவில் நின்றேன்.

எல்லாம் உங்கள் ‘சுதந்திரத்தின் ஏழு தந்தையர்’ கட்டுரை செய்த வேலை.

அமெரிக்காவின் முதல் ஏழு ஜனாதிபதிகள். நீங்கள் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. முதலாமவர், மூன்றாமவர், ஏழாமவர் என்று பெரியப்பா சித்தப்பா வரிசைபோலத்தான் சொல்வீர்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் வெரிபீ வீட்டுக் கராஜில் காரை வெளியே விட்டுவிட்டு, பத்துக் கதிரை போட்டு, ஓய்வு பெற்ற பத்து ஆண்களுக்கு அவர்களின் மகிமையை விளக்குவீர்கள். கூட்டத்தில் ஒரே பெண் நான். அதுவும் கேட்பதற்கல்ல, நீங்கள் சொல்லச் சொல்ல மடிக்கணினியில் அடிப்பதற்கு. அக்காவுக்குக் கதிரை இருக்கவில்லை. அவள் குசினிக்கும் கராஜுக்கும் நடுவில் தட்டோடு நடந்துகொண்டிருந்தாள்.

இரண்டாமவரும் மூன்றாமவரும் தங்கள் நாட்டின் ஐம்பதாவது சுதந்திர நாளில், ஒரே நாளில் இறந்த கதையை எத்தனை தரம் சொன்னீர்கள்! “பெரிய மனிசர் நாள் பாத்துத்தான் போவினம்” என்பீர்கள். நீங்களோ குப்பைவாளி வெளியே வைக்கிற ஒரு செவ்வாய்க்கிழமை போனீர்கள். அன்றைக்கு வாளி வைக்க யாருக்கும் நினைவில்லை. ஒரு கிழமை முழுக்க நாறியது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதலாமவர் மன்னராக வாய்ப்பிருந்தும் இரண்டு தவணையோடு வீட்டுக்குப் போனார். அதைச் சொல்லும்போது உங்கள் கண் கலங்கும். அவர் போன அந்த வீட்டில் அவருக்கு எத்தனை அடிமைகள் இருந்தார்கள் என்பதைச் சொல்லும்போது மட்டும் உங்கள் தொண்டை கரகரக்கும், தண்ணீர் கேட்பீர்கள், பக்கம் திரும்பிவிடும். அவர் ஆட்சி செய்த நகரத்தில், ஆறு மாதம் தொடர்ந்து வைத்திருந்தால் அடிமை விடுதலை கேட்கலாம் என்று சட்டம் இருந்தது. ஆறு மாதம் முடிய முன்னர் ஆட்களை எல்லைக்கு வெளியே அனுப்பித் திருப்பி எடுத்தவர் உங்கள் முதலாமவர். இங்கே விசா முடியும் தறுவாயில் பாலித் தீவுக்குப் போய்விட்டு வருகிறவர்களைத் தெரியும். அவர்கள் இருப்பதற்காகப் போகிறார்கள். அந்தச் சனங்கள் விடுதலையாகிவிடக் கூடாது என்பதற்காக அனுப்பப்பட்டார்கள்.

அவருடைய பொய்ப்பல் மரத்தால் செய்ததல்ல என்று பெருமையாகத் திருத்துவீர்கள். அடிமைகளின் வாயிலிருந்து பிடுங்கிய பல்லும் அதில் இருந்திருக்கலாம் என்று உங்கள் அலமாரிப் புத்தகமே சொல்கிறது. அந்தப் பக்கத்தில் மடிப்புக்கூட இருக்கிறது. வாசித்திருக்கிறீர்கள், அத்தான். வாசித்துவிட்டு மடித்து வைத்திருக்கிறீர்கள்.

மூன்றாமவர் ‘எல்லா மனிதரும் சமம்’ என்று எழுதிய கையால், அடிமைப் பெண்ணிடம் பிறந்த தன் பிள்ளைகளையே அடிமைகளாக வைத்திருந்தார். உங்கள் கட்டுரையில் அவர் வயலின் வாசிக்கிறார், தோட்டம் போடுகிறார், புத்தகம் வாங்குகிறார். தோட்டத்தில் கொத்தியது யார்?

இந்த இடத்தில் என் குட்டையும் உடைத்துவிடுகிறேன். நீங்கள் சொல்லும்போது ஒருதரம் வாய் தவறி ‘அடிமைகள்’ என்று வந்தது. நானும் அடித்துவிட்டேன். “அதை மாத்தும்” என்றீர்கள். “என்னெண்டு, அத்தான்?” “பணியாட்கள் எண்டு போடும். வயசானதுகள் கேக்கிற இடம்.” நான் மாற்றினேன். மறுபேச்சில்லை. பகிடிக் கட்டுரையில் ஒரு கமாவை எடுத்தாலே வானொலிக்காரரோடு சண்டைக்குப் போகிறவள் நான்.

ஆனால் உங்களை நான் மன்னிக்க முடியாமல் இருப்பது ஏழாமவருக்காக. சாதாரண மனிதரின் தலைவன், பாமரனுக்கு வெள்ளை மாளிகைக் கதவைத் திறந்துவிட்டவன் என்று ஆறு பக்கம். பூர்வகுடிகளை அவர்கள் மண்ணிலிருந்து பிடுங்கி மேற்கே துரத்த அவர் கையெழுத்திட்ட சட்டத்துக்கு அரை வரி. அந்த அரை வரியிலும் நீங்கள் போட்ட சொல் ‘குடிபெயர்வு’. நடந்தே செத்தார்கள், அத்தான். கிழவர்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள்.

குடிபெயர்வு என்று எழுதியது யார்? யுத்தத்துக்குப் பயந்து ஊரே வெளியேறிய இரவில், கைதடிப் பாலத்தில் கொட்டுகிற மழையில், சைக்கிள் பாரில் அக்காவையும் கரியரில் அரிசி மூட்டையையும் வைத்துக்கொண்டு, நகரவும் இடமில்லாமல் விடியும்வரை நின்றவர். அன்றைக்கு யாராவது வந்து ‘குடிபெயர்கிறீர்களோ?’ என்று கேட்டிருந்தால் சைக்கிள் பம்பால் அடித்திருப்பீர்கள். இந்த நாட்டில் ஒவ்வொரு கூட்டத்தையும் பூர்வகுடிகளின் மண்ணுக்கு மரியாதை சொல்லித்தான் தொடங்குவீர்கள், பஸ் பிடிக்கப் போகிறவர்போல அவசரமாக. அதைச் சொன்ன வாயாலேயே ஏழாமவரைப் புகழ்வீர்கள். அபி அதைத்தான் சொன்னாள். “அப்பாவுக்குத் தெரியாம இருந்தா பரவாயில்லை, சித்தி. அவருக்குத் தெரியும்.”

அதனால் புதன்கிழமை அக்காவிடம் போனேன். மலருக்குப் படம் எடுக்க வந்ததாகச் சாட்டு. கட்டுரையில் நாலு வரியாவது திருத்த விடு என்று கெஞ்சுவதுதான் திட்டம். அக்கா குசினியில் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் தொண்டையைச் செருமி முடிக்கவில்லை, அவள் கேட்டாள்.

“அந்தச் சமையல்காரன் பிறகு பிடிபட்டவனோ?”

“எந்தச் சமையல்காரன்?”

“முதலாமவரின்ரை குசினியிலை நிண்டவன். ஓடிப்போனவன் எல்லோ.”

எனக்குக் கதிரை தேவைப்பட்டது. “உனக்கு என்னெண்டு தெரியும்?”

“கூட்டம் முடிய அந்தப் புத்தகங்களை அடுக்கினது ஆரெண்டு நினைச்சனி? அடுக்கேக்கை வாசிப்பன்.”

ஊரில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவள், ஆங்கிலம் உங்களைவிடச் சுத்தம் என்பதை நாங்கள் எல்லாரும் எப்படி மறந்தோம்?

“ஒரு அடிமையை ஐஞ்சிலை மூண்டு ஆள் எண்டு எண்ணினவையாம். நாடாளுமன்றத்துக்கு ஆக்கள் காட்ட” என்றாள், போஞ்சியைத் துண்டாக்கிக்கொண்டே. “மிச்ச ரெண்டு பங்கை எங்கை வச்சவை? அதையும் எழுதேல்லை.”

“அத்தானிட்டைக் கேட்டிருக்கலாமே.”

“ஒருக்காக் கேட்டனான். சமையல்காரனைப் பற்றி. எல்லாரும் இருக்கேக்கை, தட்டோட நிண்டு.”

“என்ன சொன்னவர்?”

“‘இண்டைக்குத் தேத்தண்ணிக்குச் சீனி காணாது’ எண்டவர்.”

அத்தான், அந்தச் சனிக்கிழமை எனக்கு நினைவிருக்கிறது. எல்லாரும் சிரித்தோம். முன்வரிசையில் இருந்த தம்பையா அங்கிள் கதிரையால் விழப் பார்த்தார். நான்தான் கொஞ்சம் கூடவே சிரித்தேன். அக்கா தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு சீனி போடப் போனாள்.

“அப்ப ஏன் ஒரு எழுத்தும் மாத்தக்கூடாது எண்டனி?” என்றேன். “நான் வடிவாத் திருத்தித் தாறன். அபியும் வருவாள்.”

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். “நீ திருத்தினா அதை அவர் எழுதினார் எண்டெல்லோ வரும்? நான் கேட்ட கேள்விக்கு மறுமொழி சொன்ன மனிசன் எண்டு வரும். செத்த பிறகு அவரைத் திருத்தி எடுக்காதை. அவர் எழுதினபடி கிடக்கட்டும். அதுக்குப் பிறகு ரெண்டு பக்கம் எனக்கு விடு.”

முப்பத்தைந்து வருடமாக அவள் குசினியில் சும்மா நின்றாள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அபியைக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றவள், அம்மா எழுதப் போகிறாள் என்றதும் நாற்பது நிமிடத்தில் வாசலில் நின்றாள். கராஜைத் திறந்தோம். அக்கா சுற்றிலும் பார்த்துவிட்டு உங்கள் கதிரையில் உட்கார்ந்தாள். சும்மா அல்ல, நன்றாகச் சாய்ந்து. நான் தரையில் மடிக்கணினியோடு. அபி தன் தொலைபேசியில் சமையல்காரனைத் தேடினாள்.

அவன் பிடிபடவில்லை, அத்தான். உங்கள் முதலாமவரின் பிறந்த நாளன்றே நழுவியவன். ஆள் விட்டுத் தேடியும் கிடைக்கவில்லை. நியூயோர்க்கில் வாழ்ந்து முடித்தானாம். அவனுடைய சின்ன மகள் தோட்டத்திலேயே அடிமையாக இருந்தாள். அப்பாவை இனிக் காணமுடியாதே, உனக்குக் கவலை இல்லையா என்று ஒரு விருந்தாளி அவளிடம் கேட்டாராம். இல்லை, சந்தோஷம், அவர் இப்போது சுதந்திரமாக இருக்கிறார் என்றாளாம் அந்தக் குழந்தை.

அதை வாசித்த அபி தொலைபேசியைக் கவிழ்த்துத் தரையில் வைத்தாள்.

“எனக்கு அப்பா போனது சந்தோசம் இல்லை, அம்மா” என்றாள், தமிழில். “அதுதான் இவ்வளவு கோவம்.”

“எனக்கும்தான், பிள்ளை” என்றாள் அக்கா. பிறகு என்னைப் பார்த்து, “என்னடி பாத்துக்கொண்டிருக்கிறாய்? நான் சொல்லச் சொல்ல அடியன்” என்றாள்.

ஆகவே, உங்கள் கட்டுரை வருகிறது. ஒரு எழுத்தும் மாறவில்லை. என் ‘பணியாட்களும்’ உங்கள் ‘குடிபெயர்வும்’ அப்படியே கிடக்கின்றன, ஊர் பார்க்கட்டும். அதன்பின் இரண்டு பக்கம் அக்காவினுடையது. தலைப்பு ‘நான் கேட்ட கேள்விகள்’. முதல் கேள்வி சமையல்காரனைப் பற்றியது, கீழே பதிலும் இருக்கிறது. கடைசிக் கேள்வி உங்களுக்கானது, அதற்குக் கீழே வெறும் இடம். குடும்ப மரத்தில் அபியின் பெயர் அவள் இடத்தில் இருக்கிறது.

அச்சகத்துக்கு இன்று காலை அனுப்பிவிட்டேன். முப்பத்தோராம் நாள் தேநீர் ஊற்றுவது தம்பையா அங்கிளும் கராஜ்க்காரர்களும். நானே சொல்லிவிட்டேன். “எனக்கு ஊத்தத் தெரியாது, பிள்ளை” என்று இழுத்தார். சீனி காணாவிட்டால் நாங்கள் சிரிப்போம் என்றேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி யார் சொன்னாலும் அந்தச் சொல்லை நான் மாற்றி அடிக்கமாட்டேன். அக்கா கேட்கிற இடத்தில் முந்திக்கொண்டு சிரிக்கவும் மாட்டேன். அவளுக்கு முன்வரிசையில் ஒரு கதிரை, நீங்கள் போடாமல் போனதை நான் போடுகிறேன்.

கோபம் இன்னும் தணியவில்லை. மேலே எழுதின ‘அன்பான’ மட்டும் கொஞ்சம் உண்மையாகத் தொடங்கியிருக்கிறது.

உங்கள் தட்டச்சுக்காரி,
உங்கட சின்ன மச்சாள்