நீங்க தண்ணி ஊத்துன மலை

ஏங்க,

சோறு அடுப்பு மேலயே இருக்கு. கத்திரிக்காய்ப் புளிக்குழம்பைச் சூடு பண்ணிக்கங்க. பொம்மைக்குப் பெயிண்ட் வாங்க அரியலூர் போறேன், சாயங்கால பஸ்ல வந்துருவேன். சாப்பிட்டுட்டு வேலைக்குத் திரும்பறப்ப சாவியைப் பூங்காவனம் அக்கா வூட்ல குடுத்துட்டுப் போங்க.

காலையில நான் கத்துனது கத்துனதுதான். கண்காட்சியில என் களிமண் பொம்மைங்களை நிறுத்தறதுக்காக, பழைய பேப்பரை ஊறவெச்சு அரைச்சு, மைதா பசையில பிசைஞ்சு அந்த மலையைக் கட்டுனேன். அதைப் போய் சிமெண்டுன்னு நெனச்சு, விடியறதுக்கு முன்னாடி எழுந்து குடத்துல தண்ணி ஊத்தி, மேல ஈரச்சாக்கு வேற போத்தி வெச்சிருக்கீங்க. கொத்தனாரைக் கட்டிக்கிட்டா இப்படித்தான் போல.

நீங்க டீ கூடக் குடிக்காம கெளம்புனப்புறம் சாக்கை எடுத்துப் பார்த்தேன். மலை ஒரு பக்கம் சரிஞ்சு, தண்ணி எறங்குன தடம் அசல் நம்மூரு செம்மண் ஓடை மாதிரியே இருக்கு. நான் ஊசியால கீறிக் கீறிப் பார்த்தும் வராத ஓடை. அப்படியே விட்டுட்டேன். மாடியில காயுது. சாமி சத்தியமா இன்னொரு தடவை தண்ணி ஊத்திராதீங்க.

அபிநயா

ஃப்ரிட்ஜ்ல முட்டை இருக்கு, பொரிச்சுக்கங்க.

ஓடைக்கரையில குடத்தோட ஒரு புது ஆள் நிக்கறாரு. கைலியையும் தலையில கட்டுன துண்டையும் பார்த்தா யாருன்னு தெரியும். இன்னும் ஈரமா இருக்காரு, தொடாதீங்க. பக்கத்துல எடம் விட்டிருக்கேன். கத்துறவளைச் சாயங்காலம் வந்து செஞ்சுக்கறேன்.