உன் உயரத்துக்குச் செய்த கதவுநிலை

போன கிழமை ஒபர்வில்லியேயில், ஒரு மொத்தக் கடையின் பின்வாசலில் பலகை அடுக்கொன்றின்மேல் மூக்கை வைத்துக்கொண்டு நின்றேன். சாமான் இறக்கிய பிறகு வெளியே போட்டுவிடுகிற பைன் பலகைகள். மழையில் நனைந்து வாசம் கிளம்பியிருந்தது. பின்னால் பாரவண்டிக்காரர் ஹோர்ன் அடித்தார். நான் அசையவில்லை. பிரெஞ்சுக் குடியரசின் சரக்குப் போக்குவரத்து முழுவதும் எனக்காக அரை மணித்தியாலம் நின்றது என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். “அண்ணை சொல்லுறதிலை அரைவாசி, அந்த அரைவாசியிலையும் அரைவாசி” என்பாய். இருபது வருடமாக நான் சொன்ன அத்தனைக்கும் அந்தக் கணக்கு சரியாகவே வந்தது. ஒன்றை மட்டும் நீ குறைக்காமல் முழுசாக நம்பினாய். இந்தக் கடிதம் அந்த ஒன்றைப் பற்றியது.

நீ என்னைவிடப் பதினொரு மாதம் இளையவன். அந்தப் பதினொரு மாதத்துக்காக என்னை வாய் நிறைய ‘அண்ணை’ என்று கூப்பிட்டாய். லா ஷப்பலில் லிஃப்ட் இல்லாத ஐந்தாம் மாடி அறையில் ஒரே மெத்தையை மாறி மாறிப் பாவித்தோம். நான் கலியாணம் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். நீ அங்கேயே இருந்தாய். உணவகத்தில் நின்று நின்று கோப்பை கழுவியதில் உன் முழங்கால் போய்விட்டது. ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்செடுத்துத்தான் ஏறுவாய்.

அந்தக் கோப்பைகளில்தான் நீ கிளிநொச்சிப் பக்கம் உன் அம்மாவுக்கு ஒரு வீடு கட்டினாய், நீயே ஒருநாளும் பார்க்காத வீடு. 2009 முடிகிற நேரம் யாரோ அதன் படத்தைக் கொண்டுவந்து தந்தார்கள். அம்மா போரில் தப்பி வவுனியாவில் உன் தங்கச்சியோடு இருந்தா. வீடு இல்லை. சுவர்கள் போய், முன்வாசல் கதவுநிலை மட்டும் வெட்டவெளியில் நின்றது. தேநீர்க் கடையில் எல்லோருக்கும் அந்தப் படத்தை நீட்டினாய். “கதவு திறந்துதான் கிடக்கு. ஆர் வேணுமெண்டாலும் போகலாம்” என்றாய். எல்லோரும் தங்கள் தங்கள் கிளாசைப் பார்த்தார்கள்.

எனக்கு அமைதி ஆகாது என்பது உனக்குத் தெரியும். கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு எழும்பி, நாட்டு மக்களுக்கு உரை நிகழ்த்துகிறவன்போலத் தொடங்கினேன். நான் புறநகரில், செவ்ரானில் வீடு கட்டப்போகிறேன். வெர்சாய் அரண்மனைக்காரர்கள் வந்து அளவெடுத்துக்கொண்டு போவார்கள். அதில் கீழ்த்தளத்தில், படி ஏறத் தேவையில்லாமல், கிழக்குப் பார்த்த ஜன்னலோடு இவனுக்கு ஓர் அறை. கடையே சிரித்தது. நீ சிரிக்கவில்லை.

“மெய்யாவோ அண்ணை?”

“ஓம், மெய்தான்.”

அப்போது என்னிடம் வீடும் இல்லை, நிலமும் இல்லை. வாய் மட்டும்தான் இருந்தது.

மூன்று வருடம் கழித்து நிலம் வந்தது. கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிய நிலம். லா ஷப்பலில் நான் அதை ஏக்கர் கணக்கில் விவரித்தேன். முதல் வரைபடத்தில் உன் அறை இருந்தது. அந்தத் தாளை நீ விரலால் தடவிப் பார்த்தாய், ஞாபகம் இருக்கிறதா? நகரசபை அதைத் திருப்பி அனுப்பியது. வளவுக்குள் இரண்டு கார் நிறுத்த இடம் காட்ட வேண்டுமாம். ஒன்று முன்னால் நிற்கலாம், மற்றதுக்குக் கராஜ் வேண்டும். வரைபடக்காரப் பெண் இரண்டு வழி சொன்னாள். ஹோலைச் சுருக்கலாம், அல்லது கீழ் அறையைக் கராஜ் ஆக்கலாம்.

என் கண்முன்னே ஹோல் நின்றது. அறுபது பேர் கதிரை போட்டு இருக்கலாம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். விரலை உன் அறையில் வைத்து, “இதை எடுங்கோ” என்றேன். மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் உன் அண்ணி கேட்டாள்: “அவருக்கு என்ன சொல்லப்போறியள்?”

“நகரசபை விடேல்லை எண்டு சொல்லுவம்.”

அந்தப் பொய்யைக்கூட நான் உன்னிடம் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று விட்டேன். அடுத்த ஞாயிறும் அப்படியே விட்டேன்.

வேலை தொடங்கியது என்று சொல்வது பெரிய வார்த்தை. மண் சரியில்லை என்று ஒரு மாதம் போனது. மழை என்று இன்னொரு மாதம். ஓகஸ்ட் முழுக்க பிரான்சில் ஒரு செங்கல்லும் அசையாது, செங்கல்களும் கடற்கரைக்குப் போய்விடும். வேலைத்தள மேற்பார்வையாளரிடம் எதைக் கேட்டாலும் “திங்கட்கிழமை” என்பார். எந்தத் திங்கள் என்று மட்டும் சொல்லமாட்டார். ஒருவழியாகத் தரைக்கு கொங்கிரீட் ஊற்றினார்கள்.

உடனே உன் அண்ணி நாள் பார்த்துவிட்டாள். சுவர் எழும்ப முன்னம் வாசலுக்கு நிலை வைக்க வேண்டும், அதுதான் எங்கள் முறை. மேற்பார்வையாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இந்த நாட்டில் கதவு கடைசியில் வரும், சுவரே இல்லாத வீட்டுக்கு எதற்குக் கதவு என்றார். நான் சோர்ந்துபோனேன். நீ சோரவில்லை. “விடுங்கோ அண்ணை. நிலை நான் செய்து கொண்டாறன்” என்றாய்.

ஒபர்வில்லியேக் களஞ்சியங்களில் எறிந்த பலகைகளைப் பொறுக்கி, ஐந்தாம் மாடியில் வைத்து அறுத்துச் சீவினாய். அந்த ஞாயிறு காலை துண்டு துண்டாகக் கட்டி ‘பி’ புறநகர் ரயிலில் கொண்டுவந்தாய். பெட்டி முழுக்க பைன் மணத்தது என்றும், ஒரு கிழவர் எழும்பி மரத்துக்கு இருக்கை கொடுத்தார் என்றும் சொன்னாய். என்னோடு பழகி நீயும் கெட்டுப்போயிருந்தாய். பூட்டியிருந்த வேலைத்தளத்துக்குள் கம்பி வேலியை நகர்த்திக்கொண்டு மூவரும் நுழைந்தோம். வெறும் தரையில் நிலையைப் பொருத்தி நிறுத்தினாய். உன் அண்ணி மஞ்சள் பூசி, மாவிலை கட்டினாள். நல்ல நேரம் வந்ததும் வீட்டுத் தலைவன் வலது காலை வைத்துக் கம்பீரமாக நுழைந்தான். நெற்றி மேற்கட்டையில் மோதிய சத்தம் செவ்ரான் முழுக்கக் கேட்டிருக்கும்.

“அளவு பிழைச்சுப்போச்சடா தம்பி.”

“பிழைக்கேல்லை. பெரிய வாசலுக்கு அவையள் தங்கட கதவைப் போடுவினம். இது நான் என்ர உயரத்துக்குச் செய்தது. பிறகு என்ர அறைக்குப் போடலாம்.” தேங்காயை என் கையில் தந்துவிட்டுச் சொன்னாய்: “அங்கை வாறதெண்டால் நீங்கள் குனிஞ்சுதான் வரவேணும்.”

உன் அண்ணி என்னைப் பார்த்தாள். நான் தேங்காயைப் பார்த்தேன். உடைத்தேன். இரண்டு பாதியும் சரிசமமாக விழுந்தன. நல்ல சகுனம் என்று நீதான் சொன்னாய்.

சுவர் எழும்பியது. ஒவ்வொரு ஞாயிறும் ஃபிளாஸ்கில் தேநீரும் ஒரு பை ரோல்சுமாக வந்தாய். குளியலறைத் தரையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பார்த்து, அது ஹோலை நோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தவன் நீ. மேற்பார்வையாளர் வாதாடினார், தண்ணீர் வாதாடவில்லை. அதை உடைத்துத் திருப்பிக் கட்டினார்கள். இன்று என் ஹோல் காய்ந்து கிடக்கிறதென்றால் அது உன்னால்.

பிறகு அந்த ஞாயிறு வந்தது. உன் அறையின் கிழக்குச் சுவரில் ஜன்னல் வரவேண்டிய இடம் நிலம்வரை திறந்து கிடந்தது. நீ அதன் அகலத்தை அடி வைத்து அளந்தாய். கோப்பை கழுவப் போக முன்னம் வேலைத்தளங்களில் கூலிக்கு நின்றவன் நீ. உனக்குத் தெரியாத அளவா?

“ஜன்னல் நல்ல பெரிசா வருது அண்ணை. காரே உள்ளுக்கு வரும் போல.”

சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. நீ கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாய். நான் என்ன சொன்னேன்? “சூரியன் முழுசா உனக்குத்தான்ரா” என்றேன்.

நீ ஃபிளாஸ்கைத் திறந்து எனக்கு முதலில் ஊற்றினாய். “ஓம் அண்ணை. வெளிச்சம் நல்லாய் வரும்.” அதற்குப் பிறகு அறையைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஞாயிறுகளில் வருவதையும் நிறுத்தவில்லை. நீ வராமல் விட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

புது வீட்டுக் குடிபூரல் அன்று அறுபது பேருக்கு மேல் வந்தார்கள். பால் பொங்கியது. ஹோலின் நடுவில் நின்று நான் தரை ஓடுகளின் வரலாற்றை விளக்கிக்கொண்டிருந்தேன். உன்னைக் காணவில்லை. தேடிப் போனால், கராஜில் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, சோறு காய்ச்சின பெரிய பானைகளைக் கழுவிக்கொண்டிருந்தாய். உன் பின்னால் பழைய படுக்கைவிரிப்பில் சுற்றிய கதவுநிலை சுவரில் சாய்ந்து நின்றது.

“எழும்படா. இண்டைக்குமா கழுவுறாய்?”

“இருக்கட்டும் அண்ணை. நான் என்ர அறையிலைதானே இருக்கிறன். குழாயும் இருக்கு.”

உன் முகத்தில் கோபம் இல்லை. நான் சிரித்தேன். பெரிய பகிடி ஒன்று கேட்டவன்போலச் சிரித்துவிட்டு, அறுபது பேரிடம் திரும்பிப் போனேன். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

நாங்கள் குடிவந்த இரண்டாவது குளிர்காலத்தில் உன் இதயம் நின்று நின்று ஓடத் தொடங்கியது. அந்த ஒடுங்கிய படிகளில் உன்னை இறக்க அவசர உதவிக்காரர்கள் பட்ட பாட்டைப் பக்கத்து அறைக்காரர் சொன்னார். ஐந்து மாடி. மருத்துவமனையில் மூன்று நாள் இருந்தாய். மூன்று நாளும் வந்தேன். “அறை இருக்கு, என்னோடை வா” என்று சொல்லத்தான் வந்தேன். கராஜில் கார் நிற்பது ஞாபகம் வரும். உடனே, உனக்குத் தருகிற சூப்பை சேன் நதியிலிருந்து நேரே குழாய் போட்டு எடுக்கிறார்கள் என்று ஏதாவது சொல்வேன். பேச முடியாமல் கையை மட்டும் தூக்கி, விரலால் காற்றை இரண்டாகக் கீறினாய். அரைவாசி. அதுதான் நீ எனக்குக் கடைசியாகச் சொன்னது.

கராஜை அறையாக மாற்ற நகரசபைக்கு எழுத எனக்கு இன்னும் சில வருடம் பிடித்தது. இரண்டாவது காரையும் முன்வளவிலேயே நிறுத்தலாம், ரோசாப் பாத்தியை எடுத்தால் போதும் என்றார் அங்கிருந்த அதிகாரி. கூட வந்த மகள் பிரெஞ்சில் அவரோடு ஏதோ கதைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். “பப்பா, அப்பவே கேட்டிருந்தால் அப்பவே விட்டிருப்பினமாம்.” மூன்றாவது வழி ஒன்று இருந்திருக்கிறது. நான் கேட்கவில்லை. விரல் அவ்வளவு வேகமாக உன் அறையில் போய் இருந்துவிட்டது.

இப்போது கிழக்கில் ஜன்னல் இருக்கிறது. அளவான ஜன்னல், கார் வராது. வீட்டுக்குள்ளிருந்து அந்த அறைக்குப் போகும் வழியில் உன் நிலையைப் போடச் சொன்னேன். உயரம் காணாது, துண்டு வைத்து உயர்த்தித் தருகிறேன் என்றார் தச்சர். வேண்டாம் என்றேன். அந்த அறையில் யாரும் படுப்பதில்லை. ஒவ்வொரு காலையும் ஜன்னலைத் திறக்க நான் போகிறேன்.

இன்றும் மறந்துபோய் நிமிர்ந்தபடியே நுழைந்தேன். நெற்றி வீங்கிவிட்டது. தேங்காய் அளவு என்று எழுதப்போய் நிறுத்திக்கொண்டேன். புளியங்கொட்டை அளவுதான். இதை நீ குறைக்கத் தேவையில்லை.