இறங்கிய மி

6 மே 2025, செவ்வாய்
ஜாஸ்மிக்கு இரண்டாவது பல் எட்டிப் பார்க்கிறது. காய்ச்சல் இல்லை. மூன்று முறை தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாயிற்று.

வீட்டுக்காரர் அபினேஷ் ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்து பன்னிரண்டு நாள். பெட்டியில் பாப்பாவுக்கு இரண்டு உடுப்பு, பிறகு இந்தக் கீபோர்டு. இங்கே குலசேகரத்தில் கிடைக்காததா? "இது வேற மாதிரி" என்றார். எந்த மாதிரி என்று சொல்லவில்லை.

8 மே
பாப்பா மதியம் தூங்கியதும் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார். ஒரு காதில் கீபோர்டின் ஹெட்போன், மற்றதில் போன். நான் உள்ளே போனதும் போனைக் கவிழ்த்து வைத்தார்.

9 மே
குளிக்கப் போனபோது போனை எடுத்தேன். தப்புதான்.
ஹனான். அந்தப் பெயரில் எல்லாம் குரல் செய்தி, நாற்பத்தொன்று. ஒரு பெண் வார்த்தையே இல்லாமல் பாடுகிறாள். ஒன்றில் சிரிக்கிறாள்.
நல்ல குரல். மறுபடியும் போட்டுக் கேட்டேன்.

11 மே, ஞாயிறு
ஆராதனைக்குக் கீபோர்டைக் கொண்டுபோனார். கீர்த்தனைக்கென்று சுர அமைப்பைப் பதிந்து வைத்திருந்த ஒன்றாம் எண்ணை அழுத்தித் தொடங்கினார். டோ-ரே-மியில் அந்த 'மி' வரும்போதெல்லாம் சுரம் சறுக்கியது. பெண்கள் வரிசை பாட்டை விட்டது, நான் உட்பட. பாடகர் குழுவை நடத்தும் பெர்லின் அண்ணன் திரும்பி, "ஏலே, ஒனக்க பெட்டிக்கு சளி பிடிச்சிருக்கா?" என்றார். சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

கட்டைகளுக்கு மேலே சுரத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு குட்டிப் பொத்தான்கள். ஒன்றில் மட்டும் சிவப்பு எரிந்தது. அதை அணைத்தார், சரியானது.

வரும் வழியில் மாமி, "கடல் தாண்டி வந்ததுல்லா, கெட்டிருக்கும். திருப்பிக் குடுத்துப்போடு மக்கா" என்றார்.
"கெடல்ல அம்மா."
அபினேஷ் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது.

12 மே
பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அழுத்திப் பார்த்தேன். ஒன்றாம் எண்ணில் பெயர்: ஹனான். நம் கீர்த்தனை இருந்த இடத்தில்! அதன்மேலேயே பதிந்ததை மறந்திருக்கிறார். அதில் 'மி' மட்டும் ஐம்பது புள்ளி இறக்கி வைக்கப்பட்டிருக்கிறது. வெள்ளைக் கட்டையின் சுரமும் இல்லை, பக்கத்துக் கறுப்புக் கட்டையின் சுரமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில்.
பாப்பா விரல் சப்புவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

13 மே
கேட்டேவிட்டேன்.
"ஆரு அந்த ஹனான்?"
"பாடுகவ."
"எங்க?"
"ஸ்டோர் வேலை ஜனவரியிலயே போச்சு, பிரீனா. ஒரு ஓட்டல்ல அவ அரபிப் பாட்டு பாடுகா, நான் வாசிக்கேன். அந்த 'மி' நம்ம சாதா கீபோர்டில கெடையாது. அது பிடிபடல்லேன்னா வேற ஆளை வச்சிருவா. இந்த மாசத்துக்குள்ள வாசிச்சு அனுப்பணும்."
"மாமிட்ட சொல்லக்கூடாதா?"
"அங்க குடியும் உண்டு. சபையில அம்மை எப்பிடி தலை நிமிந்து நடப்பா?"
"அதுக்கு நாப்பத்தொண்ணா?"
"எனக்குக் கேட்டா தெரியல்ல. திரும்பத் திரும்பப் பாடி அனுப்புகா."
பாதி நம்பினேன்.

14 மே
அந்தப் பாதியும் போய்விட்டது. சிரிப்பு எதற்கு?

17 மே
இன்று என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசித்தார். பிறகு அவள் பாடியதைப் போட்டார். அவளுடைய 'மி' இன்னும் கீழே இருக்கிறது, இவர் மேலே நிற்கிறார். "ஒண்ணு போலத்தானே கேக்கு?" என்கிறார்!
உண்மையாகவே தெரியவில்லை இவருக்கு. இந்தக் காதை வைத்துக்கொண்டு நாற்பத்தொன்று என்ன, நானூறு கேட்டாலும் போதாது. அவள் ஏன் சிரித்தாள் என்று இப்போது புரிகிறது.
ஐந்து மாதம் என்னிடம் மறைத்ததை மட்டும் மறக்க மாட்டேன்.

24 மே, சனி
பாப்பா தூங்கியபின் நானே உட்கார்ந்தேன். கீர்த்தனையை ஒன்றாம் எண்ணில் திரும்ப வைத்தேன். 'மி'யை ஐம்பத்தைந்து வரை இறக்கி, அவரை வாசிக்கச் சொல்லி, என் போனிலிருந்து நானே ஹனானுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில்: "லிட்டில் டவுன், சிஸ்டர்." இன்னும் கொஞ்சம் இறக்கச் சொல்கிறாள்.
சிஸ்டராம். பார்ப்போம்.
ஐம்பத்தெட்டு. "யெஸ்! யெஸ்!" என்று குரல் வந்தது. ஜூனில் வரச் சொல்லியிருக்கிறாள். மாமியிடம் அவரே சொல்ல வேண்டும் என்றேன். தலையாட்டினார்.

அந்த அமைப்பை எட்டாம் எண்ணில் பதிந்தேன். கீபோர்டு பெயர் கேட்டது. 'பிரீனா' என்று போட்டேன்.
இனி அங்கே அவள் பாட வேண்டுமென்றால், இவர் முதலில் என் பெயரை அழுத்தியாக வேண்டும்.