ரோசம்மா சாப்பிட்டதாகச் சொன்னது

ஸ்ரீரங்கம்
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள ரஞ்சித்துக்கு அம்மா எழுதறது. நீ ஆக்லாந்துல உடம்பும் மனசும் சரியா இருக்கணும்னு ரெங்கநாதரை வேண்டிக்கிறேன். இங்கே நாங்க ரெண்டு பேரும் சுகம்னு எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவை அப்படி எழுத முடியல. அப்பாவுக்குச் சித்திரையிலேருந்து டயாலிசிஸ் நடக்குது. வாரத்துக்கு ரெண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், தில்லைநகர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில. சர்க்கரை கிட்னியைத் தொட்டுடுச்சுன்னு போன வருஷமே டாக்டர் சொல்லிட்டார். உன்கிட்ட மறைச்சோம். நீ வீடியோவுல கூப்பிடறப்ப அப்பா முழுக்கை சட்டை போட்டுக்கிட்டு உட்கார்றது கையில இருக்கற ஊசித் தழும்பு உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான். அங்கேயே தங்கறதுக்கான உன் பிஆர் பேப்பர் முடியற வரைக்கும் சொல்ல வேண்டாம்னு சொன்னது நான், அவர் மேல கோபப்படாதே. இதுவரைக்கும் படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் உட்காரு, அப்புறம் மீதியைப் படி. ஏன் இப்ப சொல்றேன்னு முழுசா எழுதிடறேன். போன்ல ஆரம்பிச்சா பாதியிலயே வச்சுடுவேன், நீயும் பதறுவே.

ஆடி மாசம் ஒரு வேலைக்குப் போறேன்னு சொன்னேன் இல்லையா, அங்கன்வாடியில ரிட்டையர் ஆனவங்களா பார்த்துக் கூப்பிட்டாங்கன்னு. நாடு பூரா பதினெட்டு வயசுக்கு மேல இருக்கறவங்க என்ன சாப்பிடறாங்க, என்ன குடிக்கிறாங்கன்னு வீடு வீடாப் போய்க் கேட்டு எழுதற சர்வே. நேத்துக் காலையில கண்ணு முழிச்சதுலேருந்து இன்னைக்கு முழிச்ச வரைக்கும் வாயில போட்டது, குடிச்சது ஒண்ணு விடாம கேட்கணும். கேட்டா மட்டும் பத்தாது, எந்தக் கரண்டி, எந்தத் தட்டு, இட்லி எத்தனை பெருசுன்னு அளக்கணும், அதுக்குக் கப்பு, தராசு, படம் போட்ட புத்தகம் எல்லாம் குடுத்தாங்க. பத்து பன்னெண்டு நாள் கழிச்சு சொல்லாம கொள்ளாம அதே வீட்டுக்கு இன்னொரு தடவை போகணும். துவாக்குடியில நாலு நாள் ட்ரெயினிங். மூணாவது நாள் செவ்வாய்க்கிழமை. அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு, பேங்க் வேலைன்னு பொய் சொல்லிட்டு மத்தியானமே பஸ் ஏறிட்டேன். அன்னைக்குச் சொன்னதை எல்லாம் ட்ரெயினிங் புத்தகத்துல படிச்சுக்கோங்கன்னாங்க. நான் படிக்கல. மத்த நாள்ல சொன்னது மட்டும் மனசுல பதிஞ்சு போச்சு, முகத்துல ஒண்ணும் காட்டக் கூடாது, இதைச் சாப்பிடுங்க அதைச் சாப்பிடாதீங்கன்னு சொல்லக் கூடாது, எதுவும் வாங்கிக் குடுக்கக் கூடாது, சொன்னா மாத்திக்குவாங்க, ரெண்டாவது தடவை நிஜம் கிடைக்காது. என் கூட நசீரான்னு ஒரு பொண்ணு, பாலக்கரைக்காரி, இருபத்தி நாலு வயசு. ஒருத்தி வேலையை விட்டு நின்னுட்டதால ட்ரெயினிங் முடிஞ்சப்புறம் வந்து சேர்ந்தா, அவளுக்குத் தெரிஞ்சது எல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுதான். அவ டேப்லெட்ல எழுதுவா, நான் கேட்பேன். முதல் பத்து நாள் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. காந்தி மார்க்கெட்ல மூட்டை தூக்கற வீரமலைன்னு ஒருத்தர், ஒரு நாளைக்குப் பதினோரு டீ சொன்னார். குடி பத்தித் தனியா கேட்கணும்னு அவர் சம்சாரத்தை வெளியில போகச் சொன்னோம், சனிக்கிழமை மட்டும்னு அவர் மெதுவாச் சொல்ல, எல்லா நாளும் சனிக்கிழமைன்னு எழுதிக்கம்மான்னு வாசல்லேருந்து குரல் வந்துச்சு. நசீரா சிரிப்பை அடக்க முடியாம தண்ணி கேட்டுக் குடிச்சா.

ஓடத்துறை பக்கம் ஒரு சந்துல ரோசம்மாள்னு ஒருத்தி வீடு லிஸ்ட்ல வந்துச்சு. அம்பத்தோரு வயசு, உன் சின்ன அத்தை வயசு. வெங்காய மண்டியில சின்ன வெங்காயம் பொறுக்கற வேலை. புருஷன் இல்ல, ஒரே பையன் டோனி, மலேசியாவுல ஈப்போவுல ஒரு ஓட்டல்ல சமையல் வேலை பார்க்கறான். நல்லா சிரிச்ச முகம், ஆனா புடவை உடம்புல நிக்கல, கழுத்து எலும்பு தெரிஞ்சுச்சு. நேத்து என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டதும் பாடம் ஒப்பிக்கற மாதிரி சொல்லுச்சு, காலையில மூணு இட்லி சாம்பார், மத்தியானம் சோறு மீன் குழம்பு, சாயங்காலம் டீயும் ஒரு வடையும், ராத்திரி ரெண்டு சப்பாத்தி. நசீரா எல்லாம் எழுதிட்டா. சரி, சோறு எந்தக் கரண்டியால எவ்வளவுன்னு காட்டுங்கம்மான்னு கூப்பிட்டுக்கிட்டு அடுப்பாங்கரைக்குப் போனேன். அடுப்பு துடைச்சு வச்சபடி இருக்கு, அது மேல ஒரு காலண்டரை விரிச்சுப் போட்டிருக்கு. மீன் குழம்பு வச்ச சட்டி எங்கன்னு நான் கேட்கல, என் கண்ணு தேடினதை அது பார்த்துடுச்சு. கரண்டியைக் கையில வச்சுக்கிட்டே நின்னுட்டு, அக்கா அதை அழிச்சிடச் சொல்லுங்க, அது தினம் சாயங்காலம் என் பையன் கேட்கறப்ப நான் சொல்றது, நீங்களும் அதையே கேட்டதால வாயில அதுவே வந்துடுச்சுன்னு சொல்லுச்சு.

அப்புறம் நிஜத்தைச் சொல்லுச்சு. காலையில பால் இல்லாத வரடீ அரை டம்ளர். மத்தியானம் பக்கத்து வீட்டுல குடுத்த கஞ்சித் தண்ணி, அதுவும் பாதி வெளியில வந்துடுச்சு. ராத்திரி தண்ணி. நாலு மாசமா நெஞ்சுக்கு நேரா ஏதோ அடைச்ச மாதிரி இருக்கு, முதல்ல சோறு இறங்கல, அப்புறம் இட்லி இறங்கல, இப்ப ஊறவச்ச ரொட்டி கூட நிக்குதுன்னுச்சு. அந்த ஃபாரத்துல ஒரு கேள்வி உண்டு, நேத்து சாப்பிட்டது எப்பவும் போலவா, கூடவா, குறைச்சலான்னு. எப்பவும் போலத்தான் அக்கான்னு சொல்லுச்சு. டாக்டர்கிட்ட போனியான்னு கேட்க என் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு ரஞ்சித். இருபத்தெட்டு வருஷம் அங்கன்வாடியில இருந்தவ நான், இறங்காத சோறுன்னா என்னன்னு எனக்குத் தெரியும். முகத்துல ஒண்ணும் காட்டாம அடுத்த கேள்வியைக் கேட்டேன். தெருவுக்கு வந்ததும் நசீரா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, அக்கா இவங்களை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிட்டு வந்துடலாமேன்னா. நான்தான் பெரியவ மாதிரி, இன்னும் பன்னெண்டு நாள்ல ரெண்டாவது தடவை வரணும், அது முடிஞ்சதும் நானே கூட்டிட்டுப் போறேன், இப்ப சொன்னா நம்ம வேலை போயிடும்னு அவளை அடக்கிட்டேன். வீட்டுக்கு வந்து அப்பாவுக்குச் சோறு போட்டேன், எனக்கும் போட்டுக்கிட்டேன், சாப்பிட்டேன். அதை இப்ப நினைச்சா எனக்கே என்னைப் பிடிக்கல.

பன்னெண்டாம் நாள் போனா வீடு பூட்டிக் கிடக்கு. முந்தாநாள் மண்டியில வெங்காயக் குவியல் மேலயே சாய்ஞ்சுடுச்சாம், பெரியாஸ்பத்திரியில சேர்த்திருக்காங்கன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. ரெண்டு பேரும் ஓடினோம். கையில ட்ரிப்ஸ் ஏறுது, கண்ணு மட்டும் பெருசா இருக்கு. என்னைப் பார்த்ததும் காத்து மாதிரி ஒரு குரல்ல, ரெண்டாவது நாள் எழுத வந்தீங்களா அக்கா, நேத்து ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு போட்டுக்கோங்கன்னுச்சு. நசீரா டேப்பைப் பைக்குள்ள வச்சுட்டு வராண்டாவுக்குப் போயிட்டா. உணவுக் குழாயில கட்டி, ரொம்ப முத்திப் போச்சுன்னு டாக்டர் சொன்னார். பன்னெண்டு நாளைக்கு முன்னாடி கொண்டு வந்திருந்தா பிழைச்சிருக்குமா சார்னு கேட்டேன். அதைச் சொல்ல முடியாதும்மா, ஆனா உடம்பு இவ்வளவு காய்ஞ்சு போகாம வந்திருந்தா ஏதாவது முயற்சி பண்ண இடம் இருந்திருக்கும்னார். சாயங்காலம் ஆறு மணிக்கு அதோட போன் அடிச்சுது. அது பேச முடியாம போனை என் கையில திணிச்சு, சொல்லாதீங்கன்னு தலையை ஆட்டுது. எடுத்தேன். நான் பக்கத்து வீடு தம்பி, அம்மா குளிக்கறாங்கன்னேன். சாப்பிட்டாங்களா ஆன்ட்டின்னு கேட்டான். சாப்பிட்டாங்க தம்பின்னு சொன்னேன். இவ்வளவு நடந்த பிறகும் சொன்னேன்.

அன்னைக்கே எங்க சூப்பர்வைசருக்குப் போன் பண்ணினேன், வேலையை விட்டு எடுக்கட்டும்னுதான் பண்ணினேன். அவர் கத்தல. அம்மா, யாருக்காவது உடம்பு மோசமா இருந்தா உடனே எனக்குச் சொல்லணும்னு மூணாவது நாள் சொன்னோமே, அதுக்குத் தனியா நம்பரே குடுத்தோமே, புத்தகத்துல கடைசிப் பக்கத்துல இருக்கேன்னார். போய்ப் பார்த்தேன், இருக்கு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் சொல்லியிருக்காங்க. அப்பா உடம்பை மறைக்கப் போய் நான் எதைத் தவற விட்டேன்னு அப்பதான் புரிஞ்சுது. வேலை போயிடும்னு நசீராகிட்ட சொன்னேனே, அப்படி ஒரு விதியே இல்ல.

மறுநாள் காலையில ரோசம்மாவைக் கேட்காமலேயே அதோட போன்லேருந்து டோனிக்குக் கூப்பிட்டு எல்லாத்தையும் சொன்னேன். மூணாம் நாள் வந்து நின்னான், சட்டையெல்லாம் கசங்கி, ஒல்லியா, உன் உயரம்தான். அவனைப் பார்த்த பிறகு ரோசம்மா என் பக்கம் திரும்பல. அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு, உன்னை யாரு வரச் சொன்னா, வேலை என்ன ஆகும்னே கேட்டுக்கிட்டிருந்துச்சு. சொன்னது நான்னு அதுக்குத் தெரியும். நான் கொண்டு போன துண்டையும் போர்வையையும் வாங்கிக்கல, கடைசி வரைக்கும் எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கல. டோனி ஸ்பூன்ல இளநி ஊத்தினான், ஊருக்கெல்லாம் சமைச்சுப் போடறவன், பெத்தவளுக்கு ரெண்டு ஸ்பூன் இளநிதான் குடுக்க முடிஞ்சுது. அஞ்சாம் நாள் விடியல்ல போயிடுச்சு. கல்லறைத் தோட்டத்துல எல்லாரும் மண்ணு போட்டுட்டு நகர்ந்த பிறகு அவன் என்கிட்ட வந்தான். அன்னைக்கு வீட்டுக்கு வந்து எழுதினீங்களே ஆன்ட்டி, அப்பவே எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேன்னான். பண்ணியிருக்கலாம் தம்பி, பண்ணலன்னு சொன்னேன். அவன் ஆட்டோ நின்ன பக்கம் போயிட்டான். வீடுகள்ல கேட்டதை வெளியில சொல்லக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன், அதனால இதை உனக்கு எழுதலாமான்னு நேத்து ஈப்போவுக்குப் போன் பண்ணி அவனைக் கேட்டேன். உங்க பையனுக்குத்தானே, எழுதுங்கன்னான்.

இதுதான் நடந்துச்சு. இப்ப அப்பா நிலைமை இதுதான், மறைக்காம எழுதறேன். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணிதான், நான் அளந்து வைக்கறேன், தாகம் தாங்காம சில நாள் குழந்தை மாதிரி கெஞ்சறார். டயாலிசிஸ் முடிஞ்சு வந்தா அன்னைக்குப் பூரா படுக்கைதான். பசி இல்ல, அரை தோசையோட எழுந்துடறார். எனக்கும் இந்த ஒரு மாசமா சோறு சரியா இறங்கல, நோய் இல்ல, மனசுதான், நசீரா என்னை இழுத்துட்டுப் போய் டெஸ்ட் எடுத்துட்டா, பயப்படாதே. நீ கிளம்பி வான்னு இந்தக் கடிதத்துல எழுதக் கூடாதுன்னுதான் உட்கார்ந்தேன். வராதேன்னும் எழுத எனக்கு உரிமை இல்லன்னு தோணுது, உன் பேப்பர், உன் வேலை, நீயே யோசிச்சு முடிவு பண்ணு. ரெண்டு நாளா எழுத வேண்டாம்னு தடுத்துக்கிட்டிருந்த அப்பா இன்னைக்குக் காலையில அவரே பேனா எடுத்துக் குடுத்தார். என்ன எழுதணும்னு கேட்டேன். வந்தா ஒரு செவ்வாய்க்கிழமையாவது அவன் இருக்கற மாதிரி வரச் சொல்லு, அந்த நாலு மணி நேரம் பக்கத்துல உட்கார்ந்து ஏதாவது பேசிக்கிட்டிருக்கட்டும்னார். சொல்லிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துட்டார்.

உனக்கும் முப்பத்தி ரெண்டு முடியப் போகுது, நம்ம குடும்பத்து ரத்தம், மறக்காம சர்க்கரை டெஸ்ட் எடுத்து ரிசல்ட்டை எனக்கு அனுப்பு, நல்லா இருந்தாலும் இல்லாட்டாலும் உள்ளதை அனுப்பு. நசீரா இதைப் போட்டோ எடுத்து அனுப்பறேன்னிருக்கா. படிச்ச உடனே போன் பண்ணாதே, அழுது முடிச்சிட்டுப் பண்ணு, அப்பாகிட்டயே நேரா பேசு. எங்க ரெண்டு பேரோட ஆசீர்வாதமும் எப்பவும் உன் தலை மேல இருக்கும் கண்ணு.

உன் அம்மா
விஜயராணி அடைக்கலம்