கிராம்பு மணக்கும் ஸ்பீக்கர்

மாப்ள,

ஆசிரியர் அறை அலமாரியை ஒழித்துத் தரும்படி தலைமையாசிரியர் நச்சரித்துக்கொண்டே இருந்தார். இன்று காலை ஒருவழியாக உட்கார்ந்தேன். பழைய வினாத்தாள் கட்டுகளுக்குப் பின்னால் உன் கட்டம் போட்ட கைக்குட்டை, அதற்குள் அந்தச் சின்ன நீல ஸ்பீக்கர். பிரித்ததும் கிராம்பு வாசனை. நீ போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது, நீ எந்நேரமும் வாயில் போட்டு மென்ற கிராம்பின் வாசம் மட்டும் இன்னும் போகவில்லை.

செல்லூரில் நம் பள்ளிக்கூடத்துப் பின்சுவரைத் தாண்டினால் விசைத்தறிகள். அந்தச் சத்தத்தோடு மல்லுக்கட்டித்தான் இத்தனை வருஷம் பாடம் நடத்தினோம், நான் தமிழ், நீ அறிவியல். என் குரல் பாதி வகுப்பைத் தாண்டாது. நீ பேசினால் பக்கத்து வகுப்பில் இருக்கிற என் பிள்ளைகளும் சேர்ந்து அறிவியல் படிப்பார்கள். "தறிய நிறுத்தச் சொல்ல முடியுமா மாப்ள? நம்மதான் தொண்டையில ஒரு தறி ஓட்டணும்" என்பாய். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து நீ திரும்பியபோது ஆள் பிழைத்திருந்தாய், குரல் போயிருந்தது.

பள்ளிச் செயலாளர் நல்ல மனிதர்தான். "சார் ஆபீஸ்ல உக்காந்து ரெக்கார்டு வேலை பாக்கட்டும். சம்பளத்துக்கு ஒண்ணும் கொறையில்ல" என்றார். நீ என் தமிழ்ப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதிக் காட்டினாய்: 'ஆபீஸ்ல உக்காந்தா செத்துருவேன். ஒன்பதாம் வகுப்புக்குப் போறேன்.' அவரும் யோசித்துவிட்டு, அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் தானே வந்து வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பதாகவும், அப்புறம் முடிவு செய்யலாம் என்றும் சொல்லிவிட்டார். பேசாத வாத்தியாரை யார் வகுப்பில் வைத்துக்கொள்வார்கள்?

மறுநாளே போனும் இந்த ஸ்பீக்கருமாக வந்தாய். நீ போனில் ரெண்டு வார்த்தை எழுத, ஏஐ அதைத் தன் பாணியில் நீட்டி வாசித்தது. "மாணவச் செல்வங்களே, அமைதி காக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று செய்தி வாசிக்கிற தோரணையில் அது ஆரம்பித்ததும் வகுப்பு சிரித்த சிரிப்பு தறிச் சத்தத்தையே அமுக்கிவிட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அந்த டப்பாவத் தூக்கி உள்ள வை மாப்ள. பிள்ளைக கேலி பண்ணுதுக" என்றேன். நீ நிதானமாக எழுதினாய். "தங்கள் கருத்துக்கு நன்றி" என்றது டப்பா. சிரித்துத் தொலைத்தேன்.

எனக்கும் ஏஐக்கும் ஏற்கெனவே பகை, உனக்குத் தெரியும். ஜல்லிக்கட்டு பற்றிக் கட்டுரை கேட்டால் மொத்த வகுப்பும் 'வீரம் செறிந்த பாரம்பரியம்' என்று ஒரே அச்சில் வார்த்துக்கொண்டு வரும். அவனியாபுரத்திலிருந்து வருகிற பையன், வீட்டில் காளையே வைத்திருப்பவன், அவனும் அதையேதான் எழுதினான். நான் குதித்தபோது நீ கிராம்பை ஒதுக்கிவிட்டு, "அவன் மாட்டுக்கு என்ன பேருன்னு கேட்டியா? அது அந்த ஏஐக்குத் தெரியாதுல்ல" என்றாய். அது உனக்குக் குரல் இருந்த காலம்.

டப்பா வந்த சில நாளில் உன் ஒன்பதாம் வகுப்பு ஹேமா வந்தாள். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற பெண், வகுப்பில் வாயே திறக்காதவள். ஊரடங்கின்போது நீ பதிவு செய்து அனுப்பிய பாட வீடியோக்களைத் தேடிப் பிடித்து, அவற்றிலிருந்து உன் குரலையே ஏஐயில் உருவாக்கிக் கொண்டுவந்துவிட்டாள். ஸ்பீக்கரிலிருந்து நீ பேசினாய். நீ வகுப்பை விட்டு இறங்கிக் குழாயடியில் போய் நின்றாய். அந்தப் பெண்ணைத் திட்டப் போன என் கையைப் பிடித்து நிறுத்தினாய். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பிப் போய்க் கரும்பலகையில் 'நல்லாருக்கு' என்று எழுதினாய். நான் தூணுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஆனால் குரல்தான் உன்னுடையது, பேச்சு உன்னுடையது இல்லை. "சார் 'மிகவும்'னெல்லாம் சொல்ல மாட்டாரு, 'அம்புட்டு'ம்பாரு" என்று பிள்ளைகள் திருத்த ஆரம்பித்தார்கள். உனக்கோ விரல் சீக்கிரம் சோர்ந்துவிடும். 'கண்ணாடி, மூஞ்சி, செவுரு' என்று மட்டும் எழுதி ஹேமாவிடம் நீட்டுவாய். அவள் அதை, "ஏன்டா, கண்ணாடியில மூஞ்சி தெரியுது, செவுத்துல ஏன் தெரியல?" என்று மாற்றிவிட்டுப் பட்டனை அமுக்குவாள். தப்பாக மாற்றினால் நீ மேசையில் ஒரு தட்டு தட்டுவாய். உன்னைப் போலப் பேசவைக்க வேண்டுமென்றால் நீ அடுத்து என்ன சொல்வாய் என்று தெரிய வேண்டும், அதற்குப் பாடம் தெரிய வேண்டும். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு முதல் நாளே படித்துவிட்டு வந்தார்கள். டப்பாவை வைத்துக்கொண்டு இப்படியும் ஒரு வேலை நடக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

செயலாளர் வந்த அன்று நான் என் வகுப்பை அம்போவென்று விட்டுவிட்டு உன் வாசலில் நின்றேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "எல்லாம் மெஷினே நடத்துது. இதுல வாத்தியாருக்கு என்ன வேலை?" என்றார். நீ ஸ்பீக்கரை அணைத்துக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டாய். என் உயிர் போய்விட்டது. பலகையில் ஒரு கண்ணாடியை வரைந்தாய், அதில் படுகிற ஒளிக்கதிரையும் திரும்புகிற கதிரையும் வரைந்தாய், வேண்டுமென்றே கோணலாக. மேசையைத் தட்டினாய். தறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"சார், ரெண்டு கோணமும் சமமா இல்ல" என்றாள் ஹேமா. வாயே திறக்காத அந்த ஹேமா.

"எம்புட்டு இருக்கணும், வந்து காட்டு" என்றான் இன்னொருவன், அப்படியே உன் தொனியில். அப்புறம் பீரியடு முடியும்வரை அவர்களே கேட்டு, அவர்களே சொன்னார்கள். தப்பு வந்த இடத்தில் மட்டும் நீ தட்டினாய். மணி அடித்ததும் செயலாளர் எழுந்து, "சார் இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் டீக்கடையில் எழுதிக் காட்டினாய்: 'டப்பா இல்லாம நடந்துச்சு. இனி நான் இல்லாட்டியும் நடக்கும் மாப்ள.' சந்தோஷமாகத்தான் எழுதினாய். எனக்குத்தான் தாங்கவில்லை. "டீயக் குடிச்சிட்டுக் கெளம்பு" என்று எரிந்து விழுந்தேன். அந்த வருஷத்தை முழுசாக நடத்தி முடித்தாய். அவர்கள் பத்தாம் வகுப்பில் இருக்கும்போது, அந்த மழைக்காலத்தில் போய்விட்டாய்.

ஹேமா இப்போது வேறு பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. போன வாரம் வந்து, "சார் கொரல் எங்கிட்ட இருக்கு சார். அனுப்பவா?" என்றாள். என் போனில் இருக்கிறது. இன்னும் கேட்கவில்லை, தைரியம் வரவில்லை. உன்னை ரொம்பத் தேடுகிறது மாப்ள.

மதியம் வகுப்புக்குக் கிளம்பும்போது வாயில் ஒரு கிராம்பைப் போட்டுக்கொண்டேன். 'மழை பெய்தால் எங்கள் தெரு' என்று பலகையில் எழுதிவிட்டுத் திரும்பி நின்றேன். பேச நாக்குத் துறுதுறுத்தது, கிராம்பைக் கடித்துக்கொண்டேன். ஒரு பையன் எழுந்து, "மகிழ்ச்சி வெள்ளத்தில் திளைக்கும்" என்றான். மேசையை ஒரு தட்டு தட்டினேன். வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்துவிட்டு, தலையைச் சொறிந்து யோசித்தான்.

"சாக்கடத் தண்ணி வீட்டுக்குள்ள வந்துரும் சார். அப்பா தறிக் குழிக்குள்ள எறங்கி வாளி வாளியா மோந்து ஊத்துவாரு."

நான் தட்டவில்லை.